சிவன்மலை – அத்தியாயம் 5: பொன்னைக் கிணற்றில் போடச் சொன்னவர்

சென்ற வாரம் சிவன்மலை முருகன் கோயிலில் மூலவர் சன்னதிக்கு முன்னால், கல் தூணில் இருக்கும் கண்ணாடிப் பெட்டி எதிரே உங்களை நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் முன்பே 'தொடரும்' போட்டால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். இந்த வாரம் பெட்டியைத் திறந்தே விடுகிறேன். ஆனால் அதற்குள் பொருள் எப்படி வந்து சேர்கிறது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

யாரோ ஒருவர் கனவு காண்கிறார். அவர் பக்கத்தில் இருக்கும் காங்கேயத்துக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம். கனவில் சிவன்மலை ஆண்டவர் வந்து ஒரு பொருளின் பேரைச் சொல்லி, 'இதைக் கொண்டுபோய் என் பெட்டியில் வை' என்கிறார். விழித்தவர் மலையேறிக் கோயில் நிர்வாகத்திடம் சொல்கிறார். சொன்னவுடனே வைத்துவிட மாட்டார்கள். சுவாமி முன்பு பூப்போட்டுக் கேட்பார்கள். கொங்கு நாட்டில் இது பழகிய வழக்கம்தான். கல்யாணம் பேசும்போதும் கிணறு வெட்டும்போதும் குலதெய்வக் கோயிலில் வெள்ளைப்பூ, சிவப்புப்பூ இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துப் போட்டு, நினைத்த பூ வருகிறதா என்று பார்ப்பார்கள். இங்கே ஆண்டவனிடம் உத்தரவு கிடைத்தால் பெட்டியில் இருந்த பழைய பொருளை எடுத்துவிட்டு, புதியதை வைத்துப் பூஜை செய்வார்கள். அந்தப் பொருள் எத்தனை நாள் இருக்கும்? அடுத்த கனவு வரும்வரை. அது வாரமாகவும் இருக்கலாம், மாதக் கணக்காகவும் இருக்கலாம். கெடு எதுவும் கிடையாது.

இதற்குப் பெயர் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. பொருள் மாறினால் மறுநாள் செய்தித்தாளில் வந்துவிடும். காங்கேயத்தில் தேங்காய்க் களம் போட்டிருப்பவர், அரிசி ஆலைக்காரர், எண்ணெய் மண்டிக்காரர், திருப்பூர் நூல் வியாபாரி என எல்லாருடைய வாயிலும் ஒரே கேள்விதான் இருக்கும்: "பொட்டியில என்னங்க வெச்சிருக்காங்க?"

மண் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வைத்திருக்கிறார்கள். அரிசி, உப்பு, சர்க்கரை, மஞ்சள், சேலை, ரூபாய் நோட்டு, தங்கம் என்று பட்டியல் நீளும். மண் வைத்த பிறகுதான் இந்தப் பக்கம் நிலத்தின் விலை எகிறியது என்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வருவதற்கு முன்னால் பெட்டியில் தண்ணீர் இருந்தது என்பார்கள். 1999ல் கார்கில் சண்டைக்கு முன்னால் துப்பாக்கி இருந்தது என்பார்கள். மலையடிவாரத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் இன்னும் பத்துக் கதை கிடைக்கும்.

தமிழ்நாட்டில் தெய்வம் பேசும் வழிகள் பல. சாமியாடியின் வாயால் பேசும், பல்லியின் குரலால் பேசும், பூவால் பேசும், குறிசொல்பவரின் உடுக்கையால் பேசும். சந்தையில் விற்கும் சரக்கை எடுத்துக் காட்டிப் பேசும் தெய்வம் சிவன்மலையில்தான் இருக்கிறது. அது ஏன் இந்த மலையில்?

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் மூன்று கோட்டைகள் எரிந்த இடத்துக்குப் போய் நிற்போம்.

*

தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலி என்று மூன்று அசுரர்கள். பிரம்மனிடம் வரம் வாங்கி மூன்று கோட்டை கட்டிக்கொண்டார்கள். ஒன்று பொன்னால், ஒன்று வெள்ளியால், ஒன்று இரும்பால். மூன்றும் வானத்தில் பறக்கும். நினைத்த ஊரின்மேல் இறங்கும், அந்த ஊர் நாசமாகும். மூன்று கோட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வரும் கணத்தில், ஒரே அம்பால் அடித்தால்தான் அழியும் என்பது வரம்.

தேவர்கள் ஓடிவந்து முறையிட, சிவன் கிளம்புகிறார். பூமி தேரானது. சூரியனும் சந்திரனும் சக்கரங்கள். நான்கு வேதங்களும் குதிரைகள். பிரம்மன் சாரதி, திருமால் அம்பு. வாசுகிப் பாம்பு நாண். வில்லுக்கு மட்டும் உலகத்தில் எதுவும் போதவில்லை. கடைசியில் மேருமலையையே பிடுங்கி வளைத்தார். கோட்டைகளை எரிக்க அம்பு தேவைப்படவில்லை, சிரித்தார், எரிந்தன என்பது தெரிந்த கதை. அந்தச் சிரிப்பைக் கொண்டாடும் வீரட்டானம் பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகையில் இருக்கிறது.

நமக்கு வேண்டியது சிரிப்புக்கு முந்தைய கணம். மேருவை வில்லாக வளைத்தபோது அதிலிருந்து ஒரு துண்டு தெறித்து விழுந்தது. விழுந்த இடம் கொங்கு நாட்டில் காங்கேய நாடு. சிவன் கையிலிருந்த வில்லின் துண்டு என்பதால் சிவன்மலை. மலை சிவனுடையது, மேலே குடியிருப்பது மகன். அடிவாரத்தில் நஞ்சுண்டேசுவரராக அப்பா இருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு சின்ன வழக்கு உண்டு. வடக்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சென்னிமலைக்காரர்களும் தங்கள் குன்று மேருவின் துண்டு என்கிறார்கள். அவர்கள் கதையில் மேருவை உடைத்தது ஆதிசேடனுக்கும் வாயுவுக்கும் நடந்த பலப்பரீட்சை. அதே சண்டையில் தெறித்த வைரம்தான் தாங்கள் என்று காவிரிக்கரைக் கொடுமுடி சொல்கிறது. கொங்கு நாட்டில் மேருவில் பங்கு கேட்காத குன்று குறைவு போலிருக்கிறது. பங்காளிச் சண்டை இல்லாமல் ஆளுக்கொரு துண்டை வைத்துக்கொண்டார்கள்.

மேரு சாதாரண மலையில்லை, பொன்மலை. ஆகவே சிவன்மலையின் கதை முதல் வரியிலேயே பொன்னைப் பற்றிய கதை. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிடுங்கி எறிந்த துண்டு என்றால் சுற்றியிருக்கும் பூமியோடு அது ஒட்டாமல் இருக்க வேண்டுமே? 1901ல் கல்கத்தாவிலிருந்து அச்சாகி வந்த ஒரு அறிக்கை, இந்த மலை அப்படித்தான் ஒட்டாமல் இருக்கிறது என்றது. எழுதியவர் புராணம் படித்தவரில்லை.

*

தாமஸ் ஹென்றி ஹாலண்ட் என்பது அவர் பெயர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ஆங்கிலேயர், பிறகு அந்தத் துறைக்கே தலைவரானவர். சென்னை பரங்கிமலையின் கல்லுக்கு 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தவரும் இவர்தான். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் அந்த வகைப் பாறை என்பதால் அந்தப் பெயர்.

அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த காங்கேயத்துக்கு வந்த ஹாலண்ட், சிவன்மலையைச் சுற்றிச் சுற்றிக் கல் உடைத்துப் பார்த்தார். சுற்றுவட்டாரம் முழுக்கப் பழைய வரிப்பாறை. நடுவில் இந்தக் குன்றும் அதைச் சேர்ந்த பாறைகளும் வேறு சாதி. நெஃபலின் சயனைட் என்ற, உலகத்தில் சில இடங்களிலேயே கிடைக்கும் பாறை. நம் ஊர்ப் பாறையில் எங்கும் மினுங்கும் வெள்ளைப் படிகக்கல் இதில் கிடையாது. அதற்குப் பதில் சில இடங்களில் குருந்தக்கல் இருக்கிறது. வைரத்துக்கு அடுத்தபடியாகக் கடினமானது அது. அதுவே தெளிந்து சிவந்தால் மாணிக்கம், நீலம் ஏறினால் நீலக்கல். சிவன்மலையில் கிடைப்பது அந்த அளவுக்குத் தெளியாதது, சாணைபிடிக்க உதவும் ரகம். இன்னொரு வேடிக்கை, பாறைக்குள் பென்சில் கரியும் கலந்திருந்தது. ஹாலண்ட் இதற்கென்று ஒரு தனிப் பகுதியே எழுதினார். நிலவியல் படிப்பவர்களுக்கு 'சிவமலைத் தொடர்' என்ற பெயர் அன்றிலிருந்து பாடம்.

பின்னால் வந்தவர்கள் வயதையும் கணக்கிட்டார்கள். ஏறத்தாழ 59 கோடி ஆண்டு. பூமியின் அடியிலிருந்து உருகிய குழம்பாக ஏறி, தன்னைவிடப் பழைய பாறைக்குள் புகுந்து இறுகியது. பிறகு சுற்றியிருந்தது தேய்ந்து கரைய, இது நின்றது.

மேலிருந்து விழுந்தது என்கிறது புராணம். கீழிருந்து ஏறியது என்கிறது நிலவியல். 'அன்றைக்கே முன்னோர்கள் அறிவியலைச் சொல்லிவிட்டார்கள்' என்று இதைக் காட்டி மேடையில் கைதட்டு வாங்க எனக்கு விருப்பமில்லை. மேருவின் துண்டு என்று தங்கள் குன்றைச் சொன்ன எல்லா ஊரிலும் இந்தப் பாறை இல்லையே. ஆனால் ஒன்று சொல்லலாம். இந்தப் பக்கத்துக் குடியானவன் ஏர் உழும்போது அவன் கொழுவில் இடறிய கற்கள் மற்ற ஊர்க் கற்களைப் போல இல்லை. அதை அவன் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டான். கவனித்ததற்கு ஆதாரம் இருக்கிறது. அது இங்கே கிடைக்கவில்லை, ரோமாபுரியில் கிடைக்கிறது.

*

சிவன்மலையிலிருந்து திருப்பூர் சாலையில் போனால் படியூர். இன்று பேருந்து இரண்டு நிமிடம் நின்று போகும் ஊர். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் இந்த ஊரின் மண்ணுக்கு அடியில் இருந்ததற்காக ரோமச் செல்வந்தர்கள் பொற்காசைக் கொட்டினார்கள்.

கடல்நீரின் பச்சையும் நீலமும் கலந்த கல் அது. கோமேதகம், வைடூரியம் என்று ஆளுக்கொரு பெயர் சொல்லிக் குழப்புவார்கள். இன்றைய பெயர் பெரில், அதில் நீலப்பச்சைக்கு அக்வாமரின் என்று பெயர். கி.பி. 79ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன ரோம அறிஞர் பிளினி, பெரில் இந்தியாவில்தான் கிடைக்கிறது, வேறெங்கும் கிடைப்பது அரிது என்று எழுதிவைத்தார். அவர் காலத்துக் கல்லில் படியூர்க் கல்லும் இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. காரணம், கொங்கு நாட்டில் உழவிலும் வெட்டுக்குழியிலும் அகப்பட்ட ரோமக் காசுகள். தென்னிந்தியாவில் ரோமக் காசு அதிகம் கிடைத்த பகுதிகளில் கொங்கு முன்வரிசையில் நிற்கிறது.

கல்லை வெட்டியெடுத்தது படியூர் என்றால், அதைத் தீட்டி மணியாக்கிய பட்டறை வடக்கே நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று சொல்லும் ஊர் இதுதான். 1985லிருந்து நடந்த அகழாய்வுகளில் பாதி தீட்டிய மணிகள், துளையிடும்போது உடைந்து எறிந்த மணிகள், தீட்டாத கல் எல்லாம் தரையோடு கிடைத்தன. சேரர் தலைநகர் கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக்கடல் துறைமுகம் முசிறிக்குப் போகும் பெருவழி இந்த ஊரைத் தொட்டுப் போனது. வணிகர் கூட்டம் அந்த வழியில் நடக்கும்போது தெற்கே தலைதூக்கி நிற்கும் குன்றைப் பார்க்காமல் போயிருக்க முடியாது.

படியூர்ச் சுரங்கம் பிறகு என்ன ஆனது? மறந்தே போனார்கள். 1819ல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே ஒரு கிணற்றைத் தோண்டிக் கல்லெடுக்க ஆரம்பித்தார். ஒன்றிரண்டு ஆண்டுக்குள் 2,196 கற்கள் எடுத்தார். பிறகு கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. வேலை நின்றது.

இந்தக் கிணற்றைவிட என்னை அதிகம் இழுப்பது இன்னொரு கிணறு. அது எந்த வரைபடத்திலும் இல்லை. ஒரு சித்தரின் மனைவி மடிகொள்ளாத பொன்னைக் கொண்டுபோய் அதற்குள் போட்டாள்.

*

சிவன்மலைக் கோயிலை எழுப்பியவர் யார் என்று ஊரில் கேட்டால் அரசன் பேர் வராது. சிவவாக்கியர் என்பார்கள். மலையில் அவர் தவமிருந்தார், முருகனை வணங்கினார், கோயில் அவரால் வந்தது என்பது இந்த ஊரின் நம்பிக்கை.

சிவவாக்கியரைப் படித்தவர்களுக்கு இங்கே புருவம் உயரும். கோயிலாவது குளமாவது என்று கேட்டவர், நட்டுவைத்த கல்லைச் சுற்றிவந்து முணுமுணுப்பதைக் கேலி செய்தவர், சாதியைக் கேள்வி கேட்டவர். அவரா கோயில் கட்டினார்? எனக்கும் இந்த முரண் பிடித்திருக்கிறது. எதை மறுத்தாரோ அதற்குள்ளேயே ஒருவரைக் குடியேற்றிவிடும் சாமர்த்தியம் நம் ஊருக்கு எப்போதும் உண்டு. ஆனால் சித்தர் கதை அதோடு முடியவில்லை.

காசிக்குப் போன சிவவாக்கியர் அங்கே செருப்புத் தைக்கும் ஒரு சித்தரைக் குருவாகக் கொண்டார். குரு அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, கையில் ஒரு பேய்ச்சுரைக்காயையும் கொஞ்சம் மணலையும் கொடுத்தார். "இந்த இரண்டையும் சமைத்துத் தருகிற பெண்ணைக் கட்டிக்கொள்" என்று சொல்லி அனுப்பினார். பேய்ச்சுரை நாக்கில் வைக்க முடியாத கசப்பு. மணலை யார் சமைப்பது? வழியில் கேட்ட இடமெல்லாம் சிரித்தார்கள். காட்டோரம் மூங்கில் பிளந்து கூடை முடையும் குறவர் குடியிருப்பில் ஒரு பெண் மட்டும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மணல் சோறானது, பேய்ச்சுரை கறியானது. அவளையே மணந்து, அவர்களோடே தங்கி, கூடை முடைந்து பிழைத்தார் சிவவாக்கியர்.

முருகனும் குறவர் வீட்டு மாப்பிள்ளைதான். வள்ளியைக் கட்டியவன். இந்த மலையில் முருகனுக்குப் பக்கத்தில் இந்தச் சித்தரைக் கொண்டுவந்து வைத்த ஊரார் ஒன்றும் தெரியாமல் வைக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒருநாள் மூங்கில் வெட்டப் போகிறார். அரிவாள் பட்ட கணுவிலிருந்து தூள் கொட்டுகிறது. குனிந்து பார்த்தால் தங்கம். வெட்டிய வாயிலிருந்து தங்கத்தூள் நிற்காமல் கொட்டுகிறது. அரிவாளைப் போட்டுவிட்டு "எமன், எமன்" என்று கத்திக்கொண்டு ஓடுகிறார். எதிரே வந்த நான்கு வாலிபர்கள் விவரம் கேட்கிறார்கள். அதோ, ஆளைக் கொல்வது அங்கே இருக்கிறது என்று கைகாட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

வாலிபர்கள் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். கிழவனுக்குப் பைத்தியம். இருட்டின பிறகு தூக்கிக்கொண்டு போகலாம் என்று முடிவானது. இரண்டு பேர் காவல், இரண்டு பேர் ஊருக்குள் போய்ச் சாப்பாடு வாங்கி வருவது. சாப்பாடு வாங்கப் போனவர்கள் பேசிக்கொண்டார்கள், நான்கு பங்கை இரண்டு பங்காக்கினால் என்ன என்று. சோற்றில் விஷம் கலந்தார்கள். காவல் இருந்தவர்களும் அதையே பேசியிருந்தார்கள். சோறு வந்ததும், கிணற்றில் தண்ணீர் மொள்ளச் சொல்லி, குனிந்தவர்களைத் தள்ளிவிட்டார்கள். பிறகு நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காலையில் மூங்கிலுக்கு அடியில் தங்கம் அப்படியே கிடந்தது. எடுக்கத்தான் ஆளில்லை.

இதே பொன்னை இன்னொரு சித்தர் தேடித்தேடிச் செய்தார். கொங்கணர். காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில் ஊதியூர் மலை இருக்கிறது. பொன்னூதிமலை என்றும் சொல்வார்கள். அங்கே குகையில் கொங்கணர் மூலிகையை வைத்து ஊதி ஊதிப் பொன் செய்தார் என்பது அந்த ஊர்க் கதை. காங்கேயத்துக்குத் தெற்கே பொன் ஊதிய சித்தர், வடமேற்கே பொன்னைக் கண்டு ஓடிய சித்தர். இடையில் ஒரு வியாபார ஊர்.

இருவரும் சந்திக்காமல் இருப்பார்களா? கொங்கணர் ஒருநாள் சிவவாக்கியர் குடிசைக்கு வருகிறார். சித்தர் வீட்டில் இல்லை. மனைவி மட்டும் இருக்கிறாள். குடிசையின் வறுமை கொங்கணரை உறுத்துகிறது. வீட்டில் இருக்கிற இரும்புத் துண்டை எல்லாம் கொண்டுவா என்கிறார். அவள் கொண்டுவந்து வைத்தாள். அத்தனையும் பொன்னானது. 'இனி நீ கஷ்டப்பட வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாலையில் கூடை விற்றுத் திரும்பிய கணவன் முன் அவள் பொன்னை வைத்தாள். சிவவாக்கியர் ஒரு வார்த்தைதான் சொன்னார். கிணற்றில் போடு. பேய்ச்சுரையை வாங்கிய அன்று கேள்வி கேட்காதவள் இன்றும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போனாள். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.

*

பெட்டிக்கு இப்போது வருகிறேன்.

காங்கேயம் கொப்பரையிலும் தேங்காய் எண்ணெயிலும் அரிசியிலும் மாட்டிலும் வாழும் ஊர். பக்கத்தில் திருப்பூர். சரக்கின் விலை நாலு காசு ஏறினால் ஒரு வீட்டில் கல்யாணம், இறங்கினால் ஒரு வீட்டில் கடன். இப்படிப்பட்ட ஊரின் தெய்வம் சரக்கைக் கையில் எடுத்துப் பேசுவது ஆச்சரியமில்லை. மேருவின் பொன்னில் தொடங்கி, படியூர்க் கல்லில் வளர்ந்து, சித்தர் கிணற்றில் விழுந்த கதை, கண்ணாடிப் பெட்டியில் வந்து நிற்கிறது.

பெட்டி வருங்காலத்தைச் சொல்கிறது என்பதை நான் ஏற்கவில்லை. பெட்டியில் வைத்த பொருளுக்கு 'தாக்கம் இருக்கும்' என்று மட்டும்தான் சொல்வார்கள். விலை ஏறுமா, இறங்குமா, பஞ்சமா, பெருக்கமா என்று யாரும் சொல்வதில்லை. நடந்த பிறகு திரும்பிப் பார்த்துப் பொருத்திக்கொள்கிறோம். உப்பு வைத்தால் உப்பைப் பற்றி ஏதாவது ஒரு செய்தி வராமல் போகாது. பெட்டியில் இருப்பதைப் பார்த்து மஞ்சள் மூட்டையைப் பதுக்குகிறவர் சிவவாக்கியரின் நான்கு வாலிபர்கள் கதையை இன்னொரு முறை படிக்கலாம்.

ஆனால் அந்தப் பெட்டியில் நான் மதிக்கும் ஒரு விஷயம் உண்டு. எதை வைப்பது என்று முடிவு செய்வது குருக்கள் இல்லை, அறங்காவலர் இல்லை, இந்து சமய அறநிலையத்துறை அதிகாரியும் இல்லை. யாரோ ஒரு ஊரில், யாரோ ஒரு வீட்டில், பாயில் படுத்துத் தூங்கிய ஒருவரின் கனவு. அவர் பணக்காரரா, படித்தவரா என்று பெட்டி கேட்பதில்லை. கருவறைக்கு எதிரே கல் தூணில் அடுத்த ஆள் வரும்வரை அவருடைய கனவுக்குத்தான் பூஜை. கல்லைச் சுற்றாதே, உள்ளே பார் என்ற சிவவாக்கியர் தவமிருந்த மலைக்கு இந்த வழக்கம் பொருத்தமாகவே இருக்கிறது.

பெட்டி ஒருபுறம் இருக்கட்டும், இந்த மலையைத் தேடி வந்தவர்களும் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் இந்தப் பக்கம் வந்தார். பட்டாலியூர் என்று அவர் பாடிய தலம் சிவன்மலைதான். அடிவாரத்துக்கு அருகே பட்டாலி என்ற ஊர் இன்றும் இருக்கிறது. ஊதிமலையையும் பாடியிருக்கிறார். தைப்பூசத்துக்கு இங்கே அடிவாரத்து வீரகாளியம்மன் தேர் முதலில் ஓடும். பிறகு சுவாமி தேர். ஒரே நாளில் நிலைக்கு வந்துவிடாது. மூன்று நாள் மலையைச் சுற்றும். காங்கேயம் காளை பூட்டிய வண்டிகளில் குடும்பத்தோடு வந்து தங்கி, தேர் நிலை சேர்ந்த பிறகு ஊர் திரும்பிய தலைமுறை ஒன்று இருந்தது.

அப்படி இந்த மலையைப் பார்த்து வளர்ந்த ஒரு பையன், காங்கேயத்துக்கு அருகே மேலப்பாளையத்தில் 1756 ஏப்ரல் 17 அன்று பிறந்தான். வீட்டில் வைத்த பெயர் தீர்த்தகிரி.

அப்போது கொங்கு நாடு மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. குடியானவர்களிடம் பிடுங்கிய வரிப்பணத்தை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு மைசூர் ஆட்கள் இந்த வழியாகப் போகிறார்கள். காட்டுவழியில் வாலிபன் தீர்த்தகிரி குறுக்கே நிற்கிறான். கூட ஆட்கள் இருக்கிறார்கள். மூட்டைகள் கை மாறுகின்றன. பணம் எங்கிருந்து வந்ததோ அந்த ஏழைகளுக்கே போகிறது. வெறுங்கையாக நிற்கும் மைசூர் ஆட்கள், "திவான் கேட்டால் யார் பேரைச் சொல்வது?" என்கிறார்கள்.

தீர்த்தகிரி வடக்கே சென்னிமலையைக் காட்டினான். இந்தப் பக்கம் சிவன்மலையைக் காட்டினான்.

"சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை இருக்கிறது. அந்தச் சின்னமலை பிடுங்கிக்கொண்டது என்று உங்கள் திவானிடம் போய்ச் சொல்லுங்கள்."

அன்றிலிருந்து அவர் தீரன் சின்னமலை. பதிலைச் சுமந்துகொண்டு அந்த ஆட்கள் சங்ககிரி நோக்கிப் புறப்பட்டார்கள். பல ஆண்டு கழித்து, 1805 ஜூலை 31 அன்று, அதே சங்ககிரிக் கோட்டையில் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். தூக்கிலிட்டவர்கள் மைசூர்க்காரர்கள் இல்லை, ஆங்கிலேயர்கள். காவிரிக்கரையிலும் ஓடாநிலையிலும் அரச்சலூரிலும் அவரைத் தோற்கடிக்க முடியாத கம்பெனிப் படைக்கு அவர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அவர் சின்னமலைக்கு அன்றாடம் சோறு சமைத்துப் போட்டவர்.

அந்த ஆளின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)